ஓரமாப் போ

சின்ன வயதில் நான் அதிகம் கேட்ட வார்த்தை ‘ஓரமாப் போ’ என்பதுதான். இரண்டு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மெயின் ரோட்டில் லாரி வரும்போது அம்மா சொல்வாள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே. ரோட்டை விட்டு இறங்கி ஊர்த்தெரு வழியாகப் போனால் திண்ணையிலிருந்து இன்னொரு குரல் சொல்லும். அம்மா சொன்னது என் உயிருக்குப் பயந்து. திண்ணை சொன்னது தன் தெருவுக்குப் பயந்து. அந்த வயதில் எனக்கு வித்தியாசம் தெரியாது. ரெண்டு இடத்திலும் ஒதுங்கினேன். ரோடு என்று ஒன்று இருந்தால் அதன் நடு யாருக்கோ சொந்தம், நமக்கு ஓரம் என்பது காலிலேயே படிந்துவிட்டது. இன்றைக்கும் ஈ காக்கை இல்லாத ரோட்டில்கூட என் கால் தானாக மண்ணில் இறங்கித்தான் நடக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு நான் எழுத வந்தது ஒரு கார் கம்பெனியைப் பற்றி. அதற்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்பார்கள். அதுவும் நம்மில் யாரும் தொட்டுக்கூடப் பார்க்க வாய்ப்பில்லாத, கோடிக்கணக்கில் விலையுள்ள ஸ்போர்ட்ஸ் கார். போன மாதம் வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இதில் என்னை இழுத்துவிட்டவன் அக்கா மகன்.

டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டுகிற வேலை. அந்தக் கட்டிலிருந்து சில ஒயர்கள் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற கேமராவுக்குப் போகும். எதிரே ஆளோ வண்டியோ வந்தால் அந்தக் கேமரா பார்த்துச் சொல்லும். ஓட்டுகிறவர் பிரேக் பிடிக்காவிட்டால் கார் தானே பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட கருவிகள் இப்போது சாதாரணக் குடும்பக் கார்களிலேயே வந்துவிட்டன.

லீவில் வந்தவன் செல்போனில் ஒரு படம் காட்டினான். இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில் மெக்லாரன் கம்பெனியின் தொழிற்சாலை. “பாரு மாமா, எங்கயாச்சும் ஒரு சொட்டு எண்ணெக் கறை இருக்கா?” இல்லைதான். 2011இல் அந்நாட்டுப் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் திறந்துவைத்த கட்டடம். ஆபரேஷன் தியேட்டர் தோற்றுப்போகும். 2018இல் ஷெஃபீல்டு பக்கம் இன்னொரு புதுத் தொழிற்சாலை திறந்தார்கள். அங்கே கார்பன் இழையில் தொட்டி மாதிரி ஒரு கூடு செய்கிறார்கள். காரில் ஆள் உட்காருகிற இடம் அதற்குள்தான். எடை குறைவு, உறுதி அதிகம். கார் எதிலாவது மோதிச் சிதறினாலும் கூட்டுக்குள் இருப்பவர் பிழைத்து எழுந்து வர வழி உண்டு.

அப்புறம் அவனுக்குப் பிடித்த காரைக் காட்டினான். 2017இல் வந்த 720எஸ். 720 குதிரைச் சக்தி. நின்ற இடத்திலிருந்து மூன்று வினாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகம். உச்ச வேகம் மணிக்கு 341 கிலோமீட்டர். “நாங்க கட்டுற ஒயரு ஒண்ணும் இதுல கெடையாது மாமா. நடுவுல கம்ப்யூட்டர் வந்து மூக்க நுழைக்காது. சுத்தமான டிரைவிங்” என்றான். சொன்னது பெருமையிலா வருத்தத்திலா என்று தெரியவில்லை.

சுத்தம். இந்தச் சொல் காதில் விழுந்தால் நமக்கெல்லாம் உடம்பு ஒரு தடவை விறைக்கும். எது சுத்தம், எது பட்டால் அது கெடும், கெட்டால் யார் விலக வேண்டும் என்ற கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். பையன் அதை நினைத்துச் சொல்லவில்லை, கார் ரசிகர்கள் பேசுகிற பேச்சைச் சொன்னான். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவன் சொன்னது உண்மையும்கூட. அந்தக் காரில் தானாகப் பிடிக்கிற அவசர பிரேக் இல்லை. முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்கிற கருவி இல்லை. 2021இல் அறிவித்த ஆர்ட்டுரா என்ற காரில்தான் கம்பெனி இந்த ரகக் கருவிகள் சிலவற்றைத் தர ஆரம்பித்தது. உள்ளே இருப்பவருக்குக் கூடு செய்யத் தனியாக ஒரு தொழிற்சாலையே எழும்புகிறது. வெளியே இருப்பவரைப் பார்க்க ஒரு கண் வை என்றால் எடை கூடும், இடைஞ்சல், ஓட்டுகிற சுகம் கெடும் என்கிறார்கள் ரசிகர்கள்.

அவர்கள் நியாயத்தையும் முழுசாகக் கேட்டுவிடுவோம். பொறுப்பு ஓட்டுகிறவனுடையது. கருவி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினால் மனுசன் அசந்துவிடுவான். கண்ணும் கையும் காலும் ரோட்டிலேயே இருப்பவன்தான் நல்ல ஓட்டுநர். அவனைச் சோம்பேறியாக்கிவிட்டு ரோட்டைப் பத்திரமாக்க முடியாது. இதுதான் வாதம். பணக்காரன் சொல்கிறான் என்பதற்காகத் தள்ளிவிட முடியாத வாதம். என்னை இது வேறொரு இடத்தில் குத்தியது. 1936இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதியபோது அம்பேத்கர் விதி வேறு, கோட்பாடு வேறு என்று பிரித்தார். விதி இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போகிறது. கோட்பாடு செய்கிறவனையே சீர்தூக்கிப் பார்க்க வைக்கிறது. விதிப்படி நடந்தவனின் செயல் சரியாகவே இருக்கலாம், ஆனால் அது அவனுடைய பொறுப்பில் செய்த செயல் ஆகாது. இந்து மதம் என்பது விதிகளின் மூட்டை, பொறுப்பைக் கொன்றுவிட்ட மதம் என்பது அவர் குற்றச்சாட்டு.

அப்படியானால் தானாக பிரேக் பிடிக்கிற கார் எந்தப் பக்கம்? பிரேக் பிடித்தது கருவி. ஓட்டியவர் அதனால் நல்லவர் ஆகிவிடவில்லை. கருவி வேண்டாம், நானே பார்த்து ஓட்டுகிறேன் என்கிற கோடீஸ்வரன் அம்பேத்கர் பக்கம், எல்லாக் காரிலும் கட்டாயம் வை என்கிற நான் மனு பக்கம் என்று ஆகிவிடுகிறதே! ரெண்டு நாள் மண்டையைக் குடைந்தது. அப்புறம் கார் வந்த கதையைத் தேடிப் படித்தேன்.

1865இல் பிரிட்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். குதிரை இல்லாமல் தானாக ஓடுகிற வண்டி ரோட்டில் வந்தால் அதற்கு 60 கஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல், அதற்கு மேல் போகக் கூடாது. கார் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதைக் கேலியாகத்தான் எழுதுவார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவன் ஆபத்தைக் கொண்டுவருகிறானோ அவனே முன்னால் ஆள் விட்டு எச்சரிக்கட்டும் என்று ஒரு அரசாங்கம் சொல்லியிருக்கிறது. நம் பக்கத்துச் சட்டம் நேர்தலைகீழ். பேஷ்வாக்களின் புனேயில் மஹர்கள் கழுத்தில் சட்டியும் இடுப்பில் விளக்குமாறும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். மலையாள தேசத்தில் இன்ன சாதிக்கு இத்தனை அடி என்று தூரம் அளந்து வைத்திருந்தார்கள். தான் வருவதைக் குரல் கொடுத்துத் தானே அறிவித்து விலகினான் தீண்டப்படாதவன். யாரால் யாருக்கு ஆபத்து என்பதையே புரட்டிப் போட்ட ஏற்பாடு அது. அடிப்பவனுக்கு ஆபத்து, அடி வாங்குபவனால்!

கொடியெல்லாம் சீக்கிரம் போய்விட்டது. 1896 ஆகஸ்ட் 17ஆம் தேதி லண்டன் கிரிஸ்டல் பேலஸ் திடலில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண், கூட மகள் இருக்கும்போதே, கண்காட்சிக்காக ஓட்டிக் காட்டிய காரில் அடிபட்டுச் செத்தார். பிரிட்டனில் பெட்ரோல் கார் மோதிச் செத்த முதல் பாதசாரி. விபத்து என்று தீர்ப்பு. அதே வருசம் நவம்பரில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வண்டிக்கு முன்னால் ஆள் நடக்கத் தேவையில்லை, 14 மைல் வரை போகலாம்.

அமெரிக்கக் கதை இன்னும் விசேஷம். 1923இல் சின்சினாட்டி நகரத்தில் 42,000 பேர் கையெழுத்துப் போட்டு ஒரு கோரிக்கை வைத்தார்கள். நகரத்துக் கார் ஒவ்வொன்றிலும் ஒரு கருவி மாட்ட வேண்டும், 25 மைலுக்கு மேல் போனால் அது இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஓட்டுநர் துணைக்கருவி நேற்று வந்த கம்ப்யூட்டர் விசயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நூறு வருசத்துக்கு முந்தியே நடந்துபோகிற சனங்கள் கேட்டிருக்கிறார்கள். கார் வியாபாரிகள் ஒன்று சேர்ந்து வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தார்கள். அதோடு விடவில்லை. அந்தக் காலகட்டத்தில்தான் ‘ஜேவாக்கர்’ என்ற வசவைப் பரப்பினார்கள். ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான், விவரம் கெட்டவன். ரோட்டின் குறுக்கே நடக்கிறவன் பட்டிக்காட்டான். அடிபட்டால் தப்பு அவனுடையது. கொஞ்ச வருசத்தில் அது சட்டத்திலும் ஏறிவிட்டது. பீட்டர் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் 2008இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். எல்லோருக்குமாக இருந்த தெருவைக் காருக்குச் சொந்தமாக்க முதலில் நடக்கிறவனைக் கேவலப்படுத்த வேண்டியிருந்தது. இந்த வித்தை நமக்குப் புதுசா என்ன?

இந்த நூறு வருசத்தில் பார்க்க வேண்டிய பொறுப்பு காரிலிருந்து இறங்கி நடக்கிறவன் தலையில் ஏறியது. இப்போது வந்திருக்கிற கேமராவும் தானியங்கி பிரேக்கும் அந்தப் பொறுப்பில் கொஞ்சத்தைத் திரும்பக் காரின் தலையில் வைக்கின்றன. பழைய சிவப்புக் கொடிதான், ஒயராக மாறி வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலையில் புது மாடல்களுக்கும் 2024 ஜூலையில் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களுக்கும் வேக எச்சரிக்கை, அவசர பிரேக் போன்றவற்றைக் கட்டாயமாக்கியது. டொயோட்டாவின் ஜிஆர்86 என்ற ஸ்போர்ட்ஸ் கார் 2024இல் ஐரோப்பியச் சந்தையை விட்டே போனது. அந்த விதிகளுக்கு ஏற்றபடி காரைத் திருத்தி அமைப்பது கட்டுப்படியாகவில்லை. ரசிகர்கள் அழுதார்கள். அழட்டும்.

போகாமல் விலக்குக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. வருசத்துக்குப் பத்தாயிரம் காருக்குக் குறைவாகச் செய்கிற கம்பெனி, பாதுகாப்பு விதியைப் பின்பற்றினால் ‘பொருளாதாரக் கஷ்டம்’ என்று மனுப்போட்டால் தற்காலிக விலக்குத் தரலாம். லோட்டஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எலீஸ் கார் அப்படித்தான் அங்கே விற்றது. அதற்கு விலக்குக் கிடைத்தது எதிலிருந்து தெரியுமா? காற்றுப்பை வெடித்து விரியும்போது குழந்தைகளுக்கும் சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் அடிபடாமல் இருக்கக் கொண்டுவந்த விதியிலிருந்து. 2011இல் விலக்கு முடிந்தது, அங்கே எலீஸ் விற்பனையும் நின்றது. அப்புறம் 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசு, நடப்பவரையும் கண்டு தானாக நிற்கிற பிரேக்கை எல்லா இலகு வாகனத்திலும் வைக்க விதி போட்டது. வருசத்துக்குக் குறைந்தது 360 உயிர் மிஞ்சும் என்று கணக்கும் சொன்னது. அப்போது கொடுத்த கெடு 2029 செப்டம்பர். சின்னக் கம்பெனிகளுக்கு மட்டும் இன்னும் ஒரு வருசம்.

நாங்கள் விற்பது கொஞ்சம் கார்தான், அதனால் என்ன ஆகிவிடும் என்பதுதான் விலக்குக் கேட்பவர்களின் கணக்கு. மொத்தக் கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அடிபடுகிறவன் மொத்தமாக அடிபடுவதில்லை, ஒரே ஒரு காரில்தான் அடிபடுகிறான். அந்தக் கார் அபூர்வமான கார் என்பதில் அவனுக்கு என்ன ஆறுதல்?

இங்கேதான் அம்பேத்கரைப் பற்றி என்னைக் குடைந்த கேள்விக்கு எனக்குப் பிடி கிடைத்தது. விதியைவிடக் கோட்பாடு பெரிது என்று எழுதிய அதே மனிதர், நாம் ரோட்டில் நடக்கிற உரிமையை யாருடைய கோட்பாட்டுக்கும் விட்டுவைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 15(2)இல் கிணறு, குளம் ஆகியவற்றோடு ரோடு என்ற சொல்லும் இருக்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததோடு நிற்காமல் அது குற்றம் என்கிறது. சாதி இந்துக்களின் மனம் மாறட்டும் என்பது காந்தியின் வழி. மாறினால் நல்லதுதான் என்று அம்பேத்கரும் சொல்லியிருப்பார். ஆனால் மாறுகிற வரைக்கும் எங்கள் கதி என்ன என்பது அவர் கேள்வி. கோட்பாடு செய்கிறவனின் ஆத்மாவைப் பற்றிய பேச்சு. சட்டம் யார் மேல் செய்யப்படுகிறதோ அவன் உடம்பைப் பற்றிய பேச்சு. ரெண்டையும் ஒரே தராசில் போட்டதுதான் நான் செய்த தப்பு. ஓட்டுகிறவர் பொறுப்புள்ள மனிதராக வளரட்டும், யார் தடுத்தது? காரில் பிரேக் இருப்பதால் அவருடைய அறம் ஒன்றும் தேய்ந்துவிடாது. அவர் வளர்ந்து முடிக்கிற வரைக்கும் நடுரோட்டில் நிற்கிறவளுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. மூன்று வினாடியில் நூறு கிலோமீட்டர்.

சுத்தமான டிரைவிங் என்பதில் மறைந்திருக்கிற இன்னொன்றும் புரிந்தது. அதில் ஆபத்து இருப்பதால்தான் சுகம். சரி, தன் உயிரை வைத்து ஒருவன் விளையாடலாம், அது அவன் இஷ்டம். மூடிய பந்தயத் திடலில் போய் ஆடட்டும், நான் கைதட்டக்கூடச் செய்வேன். பொது ரோட்டில் பணயம் வைப்பது அவன் உயிரை மட்டுமில்லை. அவன் உயிருக்குக் கார்பன் கூடு இருக்கிறது. பணயத்தில் இருப்பது கேட்காமலேயே ஆட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள்.

அவ்வளவு சுலபமாக முடித்துவிடவும் முடியவில்லை. இந்தக் கருவியின் கண் யாருடைய கண்? 2023இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் ஆட்களை அடையாளம் காண்கிற எட்டு மென்பொருள்களைச் சோதித்தார்கள். பெரியவர்களைக் கண்டுபிடிப்பதைவிடக் குழந்தைகளைக் கண்டுபிடிப்பதில் கிட்டத்தட்ட 20 சதவீதம் பின்தங்கின. கறுத்த தோல் உள்ளவர்கள் விசயத்தில் 7.5 சதவீதம் பின்தங்கின. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2022இல் சொன்ன கணக்குப்படி இந்த பிரேக் உள்ள கார்கள் பாதசாரிகள் மேல் மோதுவது 27 சதவீதம் குறைவு. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. தெருவிளக்கு இல்லாத இடம் எது, யார் குடியிருக்கிற இடம் என்று நம்மைக் கேட்டால் சொல்லியிருப்போம்.

2018 மார்ச் 18 இரவு அரிசோனாவில் டெம்பி நகரத்தில் உபர் கம்பெனியின் சோதனைக் கார் ஒரு பெண்ணை அடித்துக் கொன்றது. 49 வயது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். விசாரணையில் தெரிந்தது: அந்தக் கம்ப்யூட்டர் அவரை வண்டி என்றது, வேறேதோ என்றது, சைக்கிள் என்றது, மாற்றி மாற்றி. மனுசி என்று கடைசி வரை சொல்லவில்லை. பாதசாரி கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஆள் நடப்பார் என்பதே அதற்குச் சொல்லித் தரப்படவில்லை. காரோடு வந்த வால்வோ கம்பெனி பிரேக்கையும் சோதனை ஓட்டத்துக்காக முடக்கி வைத்திருந்தார்கள். 1920களில் கண்டுபிடித்த ‘பட்டிக்காட்டான்’ நூறு வருசம் கழித்து எந்திரத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதனால் கருவி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. வழக்கைப் பதிகிற கை யார் கை என்று நமக்குத் தெரியும். அதற்காகச் சட்டம் வேண்டாம் என்றா சொன்னோம்? பதிய வை என்றுதானே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தோம். பிரேக்கும் வேண்டும், அதற்கு நம்மைப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

நம் ஊர்க் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். 2022இல் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. அரசாங்க அறிக்கை இது. வயது இருக்கிறது, ஆணா பெண்ணா என்று இருக்கிறது. சாதி இல்லை. அவர்களைக் கொன்றது மெக்லாரன் இல்லை. லாரியும் பஸ்ஸும் சாதாரணக் காரும் பைக்கும்தான். ஆனால் சிறந்த கார் எது என்று பையன்கள் மனதில் ஒரு சித்திரம் பதிகிறதே, அது வோக்கிங்கிலிருந்து வருகிறது.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “எல்லாம் சரி மாமா. அந்தக் கார ஒருநா குடுத்தா நீ ஓட்ட மாட்டியா?” என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஓட்டுவேன் என்றேன். சேரிப் பையன் பைக்கில் ஊர்த்தெரு வழியாகப் போனதற்கு அடி விழுந்த கதை நமக்குத் தெரியாததா? எங்கள் தலைமுறை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன தெரு. அங்கே வேகமாகப் போவது என்பதே ஒரு பதில்தான். அவனுடைய ஆசையை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். ஆனால் நடுரோட்டுக்கு வந்ததும் ஓரத்தில் நடக்கிறவரைப் பார்த்து நாமும் ஆரன் அடிக்கிறோமே, அதுவும் எனக்குத் தெரியும். என் ஸ்கூட்டரில் நானே அடித்திருக்கிறேன்.

அக்காவுக்கு ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை. ரெண்டாவது ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓரமாகவே நடக்க வேண்டும். விளக்குக் கிடையாது. பையன் ஊருக்குக் கிளம்புகிறதுக்கு முந்தின நாள் கடையிலிருந்து வெளிச்சம் பட்டால் மினுக்குகிற சிவப்பு ஸ்டிக்கர் வாங்கிவந்து அவள் சாப்பாட்டுப் பையின் ரெண்டு பக்கமும் ஒட்டினான். “வண்டிக்காரனுக்குத் தூரத்துலயே தெரியும்மா” என்றான்.

அக்கா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நான் என்ன மாட்டு வண்டியாடா?” என்றாள்.

மறுநாள் அந்தப் பையைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டிக்கரைப் பிய்க்கவில்லை.